ரெண்டு, நாலு, ஆறு

அப்படி ஓரமா ஒடுங்கி உக்காராதீங்கக்கா, நல்லா சாஞ்சு உக்காருங்க. பெஞ்சு ஒண்ணும் அவங்க பாட்டன் சொத்து இல்ல. ஒடுங்கினாலே தப்பு பண்ணவங்க மாதிரி ஒரு தோற்றம் வந்துரும், அதுக்குத்தான் சொல்றேன். ஒம்போது மணிக்கே வரச் சொன்னாங்களா உங்களை? இப்ப பதினொண்ணாகப் போகுது. உள்ள போயிருக்கானே, அவன் பத்தே முக்காலுக்கு வந்தா போதுமாம். வந்தான், நேரா உள்ள போனான், பின்னாடியே தட்டுல டீ போச்சு. பாத்தீங்கல்ல? உங்களைத் தண்ணி வேணுமான்னு ஒருத்தராவது கேட்டாங்களா?

கோவமெல்லாம் இல்லக்கா. என் குரலே இப்படித்தான். நீ சும்மா வாங்கன்னு சொன்னாலே வக்கீல் நோட்டீஸ் வந்த மாதிரி இருக்கும்னு எங்க அம்மா சொல்லுவாங்க.

என்னையா? இல்ல, என்னைக் கூப்பிடலை. விசாரிக்கறது மொத்தமே மூணு பேரை. உள்ள இருக்கறவன், நீங்க, அப்புறம் ராத்திரி காவல்காரர். நான் உங்களைப் பாக்கத்தான் வந்தேன். உள்ள போறதுக்கு முன்னாடி சில விஷயம் உங்களுக்குத் தெரிஞ்சாகணும். தெரியாம போனீங்கன்னா உங்களைப் பிழிஞ்சு காயப் போட்டுருவாங்க. ஏற்கனவே முடிவு பண்ணிட்டுதான் கூப்பிட்டிருக்காங்கன்னு எனக்குத் தோணுது. நாலாம் நம்பர் ஃப்ரீஸர் சனிக்கிழமை மத்தியானமே நின்னு போச்சு, திங்கக்கிழமை காலைல தொறந்தா மூணு வருஷத்து ஆராய்ச்சி சாம்பிள் எல்லாம் தண்ணி. ரெண்டு நாள் அந்த ரூம்ல டியூட்டி பாத்தது யாரு? இந்தம்மா. நோட்டுல என்ன எழுதியிருக்கு? எல்லாம் சரியா இருக்குன்னு. அப்ப வீட்டுக்கு அனுப்பிரு. முடிஞ்சது அவங்க விசாரணை. பழி ஓரிடம் பாவம் ஓரிடம்னு சும்மாவா சொன்னாங்க.

இருங்க, கொஞ்சம் தண்ணி பிடிச்சிட்டு வர்றேன். உக்காந்தா எனக்குக் கால் நிக்காது.

இந்தாங்க, குடிங்க. ஜில்லுன்னு இல்ல, பரவால்ல.

உள்ள யார் யார் இருக்காங்கன்னு தெரியும்ல? நடுவுல பதிவாளர் அம்மா. அவங்க நியாயமானவங்கதான், ஆனா எல்லாமே காகிதத்துல இருக்கணும் அவங்களுக்கு. அந்தப் பக்கம் உயிரியல் துறைத் தலைவர். சாம்பிள் போனது அவரோட மாணவனுக்கு, அதனால அவரு கொதிச்சுப் போய் இருக்காரு. இந்தப் பக்கம் எங்க புரொபசர். எங்க கம்ப்யூட்டர் லேப்ல எழுதின புரோகிராம்தான் உங்க ரூம் மெஷினுக்குள்ள ஓடுது. ஸ்கிரீன்ல ஆறு ஃப்ரீஸரோட நம்பரையும் காட்டறது, சூடு ஏறினா சைரன் அடிக்கறது எல்லாம் அதோட வேலை. அது சரியா வேலை செஞ்சுதான்னு விசாரிக்க அதை எழுதின லேப்போட தலைவரையே உக்கார வெச்சிருக்காங்க. நான் கேட்டேன், எந்த ஊர் நியாயம் இதுன்னு. கேட்டது கேன்டீன்லதான், ஆனா சத்தமாத்தான் கேட்டேன்.

உள்ள இருக்கறவன் எனக்கு மூணு வருஷம் சீனியர். லேப்ல அவனுக்கு மேதைன்னு பேரு. எனக்கு வக்கீலம்மான்னு பேரு. கெட்டவன்னு சொல்ல மாட்டேன். அறிவு நிறைய இருக்கு, அந்த அறிவு மேல அவனுக்கே ஒரு பக்தி உண்டு, அவ்வளவுதான். கண்ணாடி முன்னாடி நின்னா கும்பிட்டுட்டுதான் தலை சீவுவான்.

சிரிச்சிட்டீங்க. நல்லது. இப்படியே உள்ள போங்க.

இப்ப நான் சொல்றதைக் கேளுங்க, கஷ்டமா ஒண்ணும் இருக்காது. உங்க மெஷினுக்குள்ள நாலு பேர் உக்காந்து வேலை பாக்கறாங்கன்னு வெச்சுக்கங்க. ப்ராசஸர்னு சொல்லுவோம். நாலு பேரும் குனிஞ்ச தலை நிமிராம ஏதோ ஒரு வேலைல மூழ்கி இருப்பாங்க. ஃப்ரீஸர்ல புது நம்பர் வந்தாலும் சரி, சூடு ஏறிப் போனாலும் சரி, அவங்கள்ல ஒருத்தர் தோளைத் தட்டி, இதைக் கொஞ்சம் பாருன்னு சொல்லணும். அந்தத் தட்டலுக்குப் பேருதான் இன்டரப்ட். தட்டினா உடனே கைவேலையைப் போட்டுட்டுத் திரும்பிப் பாப்பாங்க. தட்டலைன்னா ஃப்ரீஸர் பத்தி எரிஞ்சாலும் திரும்ப மாட்டாங்க. ஆமா, பேப்பர் படிக்கும்போது எங்க அப்பா மாதிரியேதான்.

எந்தத் தட்டல் யார் தோள்ல விழணும்னு ஒரு பட்டியல் உண்டு. அந்தப் பட்டியலைப் போடறது எங்க புரோகிராம். ஆரம்பத்துல என்ன பண்ணியிருந்தாங்க, ஆறு ஃப்ரீஸருக்கும் முதல் ஆள் ஒருத்தரையே எழுதி வெச்சிருந்தாங்க. எல்லாத் தட்டலும் அவர் தோள்லதான். மத்த மூணு பேரும் கால் மேல கால் போட்டு உக்காந்திருப்பாங்க. வீட்ல நடக்கறதுதானே, சாவி எங்க, சட்டை எங்க, பால் பொங்குது, எல்லாத்துக்கும் ஒரே ஆளைத்தானே கூப்பிடறோம். அதை மாத்தி நாலு பேருக்கும் பங்கு பிரிச்சுக் குடுக்கலாம்னு மேதை யோசிச்சான். யோசனை நல்ல யோசனைதான். அதை நான் எப்பவும் மறுக்கலை. எங்க வேணா எழுதி வெச்சுக்கட்டும், மறுக்கலை.

செஞ்ச விதத்துலதான் வந்துச்சு வினை. உங்க பேட்ஜைக் காட்டுங்க. நம்பர் என்ன? நாலாயிரத்து நூத்திப் பதினேழு. உங்க லாக்கர் நம்பர்? மூணு. பாருங்க, ஒரே ஆள், ரெண்டு நம்பர். இப்ப பேட்ஜ் நம்பரைப் பாத்துத் தபால் குடுக்கற ஒருத்தர்கிட்ட, மூணாம் நம்பருக்குக் குடுன்னு நான் ஒரு கவரைக் குடுத்தா என்னாகும்? மூணுன்னு பேட்ஜ் யாருக்குமே இல்ல. கவர் உங்களுக்கு வராது. எனக்குத் திரும்பியும் வராது. ஆளில்லைன்னு சொல்லக்கூட நாதி இருக்காது. அப்படியே காத்துல கரைஞ்சு போயிரும்.

அதேதான் இங்கயும். அந்த நாலு பேருக்கும் ரெண்டு நம்பர் உண்டு. எங்க புரோகிராம் அவங்களை வரிசையா எண்ணும், பூஜ்யம், ஒண்ணு, ரெண்டு, மூணுன்னு. அது லாக்கர் நம்பர் மாதிரி. மெஷின் செஞ்சவங்க குத்திக் குடுத்த நம்பர் வேற. அது பேட்ஜ். எங்க லேப் மெஷின்ல ரெண்டும் ஒண்ணா இருக்கும், அங்கயும் பூஜ்யம், ஒண்ணு, ரெண்டு, மூணுதான். அதனால எதை எழுதினாலும் ஓடும். உங்க ரூம் மெஷின் வேற வகை. அதுல பேட்ஜ் எல்லாம் தாவித் தாவிப் போகும். பூஜ்யம், ரெண்டு, நாலு, ஆறு. மேதை பேட்ஜ் எழுத வேண்டிய இடத்துல லாக்கரை எழுதிட்டான். இந்தத் தப்பை எங்களை மாதிரி ஆளுங்களால மட்டும்தான் பண்ண முடியும்க்கா. நாள் முழுக்க ஒரே மெஷின் முன்னாடி உக்காந்து, உலகத்துல இருக்கறது எல்லாமே அந்த மெஷின்தான்னு நம்பறவங்க பண்ற தப்பு.

இப்ப நீங்களே எண்ணிப் பாருங்க. முதல் ஃப்ரீஸருக்குப் பூஜ்யம்னு எழுதியிருக்கு, ஆள் இருக்காரு, சரி. ரெண்டாவதுக்கு ஒண்ணுன்னு எழுதியிருக்கு. ஒண்ணு யாருக்கும் இல்ல. போச்சு. மூணாவதுக்கு ரெண்டு. வேற ஆள் தோள்ல விழும், ஆனா விழுந்துரும், தப்பிச்சது. நாலாவதுக்கு மூணு. யாருக்கும் இல்ல. அஞ்சாவதுக்கு மறுபடி பூஜ்யம். ஆறாவதுக்கு மறுபடி ஒண்ணு. ஆக ரெண்டு, நாலு, ஆறு. இந்த மூணு ஃப்ரீஸரும் தொண்டை கிழியக் கத்தினாலும் யாருக்கும் கேக்காது. சைரன் அடிக்காது. ஸ்கிரீன்ல கடைசியா வந்த நம்பர் அப்படியே ஒட்டிக்கிட்டு நிக்கும்.

அதேதான். மைனஸ் எழுபத்தொம்போது புள்ளி நாலு. உங்களுக்கே மனப்பாடமா இருக்கு பாருங்க.

இதுதான் உங்க கழுத்துக்கு வந்திருக்கற கத்தி, கவனமா கேளுங்க. உங்க நோட்டு அவங்க கைல இருக்கு. ஒண்ணாம் தேதி திங்கக்கிழமை மேதை தான் மாத்தின புரோகிராமை ஏத்தினான். அன்னிலேர்ந்து பதிமூணாம் தேதி சனிக்கிழமை வரைக்கும், அதுக்கு மறுநாளும்தான், ரெண்டு மணி நேரத்துக்கு ஒரு தடவை நீங்க எழுதினதுல ஒண்ணு, மூணு, அஞ்சு மட்டும் கொஞ்சம் ஏறும், கொஞ்சம் இறங்கும். ரெண்டு, நாலு, ஆறு மூணும் ஒரே நம்பர். புள்ளிக்கு அப்புறம்கூட மாறலை. துறைத் தலைவர் இதை எப்படிப் படிக்கறாரு தெரியுமா? இந்தம்மா எழுந்து போய்ப் பாக்கறதே இல்ல, மேல் வரியைப் பாத்துக் கீழ் வரியை எழுதியிருக்கு, பாதி ஃப்ரீஸருக்குக் கற்பனை பண்றதுக்குக்கூட சோம்பேறித்தனம். இப்படியே சொன்னாராம். எங்க லேப்ல வந்து புரொபசர் சொன்னாரு, எல்லாரும் தலையாட்டினாங்க.

அழாதீங்கக்கா. இப்ப அழக் கூடாது. வெளிய வந்து அழலாம், நானும் கூட அழறேன்.

பொய்யா எழுதறவங்க இப்படியா எழுதுவாங்க? பொய் எழுதறவங்க கொஞ்சம் முன்ன பின்ன மாத்தி எழுதுவாங்க. நம்பற மாதிரி எழுதறதுதானே பொய். ஸ்கிரீன்ல இருந்ததை இருந்தபடி எழுதினவங்களுக்குத்தான் இப்படி அசிங்கமா ஒரே நம்பர் வரும். உங்க ரூம் சுவத்துல ஒட்டியிருக்கற விதிமுறைத் தாளை நான் போட்டோ எடுத்து வெச்சிருக்கேன். திரையில் தெரியும் எண்ணைக் குறிக்கவும். அவ்வளவுதான் இருக்கு. ஃப்ரீஸர் கதவைப் பாருன்னு ஒரு வரி கிடையாது. நாலாம் நம்பர் கதவுல இருக்கற விளக்கு செத்து எத்தனை மாசம் ஆச்சு? அதுல இருந்த பீப் சத்தத்தை, மேல் மாடில படிக்க முடியலைன்னு கழட்டச் சொன்னது யாரு? அந்த மேல் மாடி மாணவர்தான் இப்ப மூணு வருஷம் போச்சுன்னு வந்து உங்களைப் பாத்துக் கத்தினாரு. அவர் மேலயும் எனக்குக் கோவம் இல்ல. பாவம், மாடிப்படில உக்காந்து அழுதாரு, நான் பாத்தேன். அவரு திரும்பப் போய் வாங்கிட்டு வர்ற சாம்பிள் இல்ல அது.

போன்ல எங்க அம்மா கூப்பிடறாங்க. அப்புறம் பேசிக்கறேன், எடுத்தா வெக்க மாட்டாங்க.

சரி, உள்ள இன்னொண்ணு சொல்லுவாங்க. சைரன் நல்லா இருக்கு, திங்கக்கிழமை சோதிச்சுப் பாத்தோம், கணீர்னு அடிச்சுது, அப்ப சனிக்கிழமையும் அடிச்சிருக்கணும், இந்தம்மா எழுந்து எங்கயோ போயிருக்கணும். இப்படித்தான் சொல்லுவாங்க. நீங்க அப்ப கேளுங்க, திங்கக்கிழமை சோதிக்கறதுக்கு முன்னாடி மெஷின்ல என்ன பண்ணீங்கன்னு. அன்னிக்குக் காலைல ஃப்ரீஸர் செத்துப் போச்சுன்னு போன் வந்த பத்தாவது நிமிஷம் மேதை ஓடி வந்து பழைய புரோகிராமை ஏத்தி மெஷினை அணைச்சு மறுபடி போட்டுட்டான். கெட்ட எண்ணம் இல்ல, பதட்டம்தான். ஆனா அதோட எல்லாத் தடயமும் போச்சு. பழைய புரோகிராம்ல எல்லாத் தட்டலும் ஒருத்தர் தோள்லதானே, சைரன் அடிக்காம என்ன பண்ணும்? முழுப் பூசணிக்காயை சோத்துல மறைச்சிட்டு இலையைப் பாரு, சுத்தமா இருக்குங்கறாங்க.

அதனால வெறும் வாய்வார்த்தை போதாது. நான் போய், இந்தத் தப்பு இருந்துச்சுன்னு இன்னிக்குச் சொன்னா, உங்களைக் காப்பாத்தறதுக்குப் பின்னாடி உக்காந்து ஜோடிச்சதும்பாங்க. எங்க புரொபசருக்கு இந்தப் பேச்சு கை வந்த கலை. லேப்ல நான் எதையாவது மறுத்துப் பேசினா உடனே, வக்கீலம்மா, சாட்சி எங்கம்பாரு. எல்லாரும் சிரிப்பாங்க. அன்னிக்கும் அப்படித்தான். எங்க லேப்ல ஒரு வழக்கம், யார் எதை மாத்தினாலும் இன்னொருத்தர் வரி வரியாப் படிச்சு, பாத்தேன், சரின்னு போட்டாதான் மெஷினுக்குப் போகும். மேதை மாத்தினதைப் படிக்கற முறை என்னோடது. பதினாலு ஆட்சேபம் எழுதினேன். பதிமூணு, சரி, ஒத்துக்கறேன், பதிமூணு சின்ன விஷயம்தான், இந்தப் பேரு சரியில்ல, அந்த வரி நீளம்னு. பதினாலாவதா, நம்பர் ரெண்டும் எல்லா மெஷின்லயும் ஒண்ணா இருக்கும்னு எப்படி நம்பறன்னு கேட்டிருந்தேன். அவன் முதல் பதிமூணைப் படிச்சிட்டு, வக்கீலம்மாவுக்குக் காற்புள்ளி அரைப்புள்ளி மேல காதல்னு எல்லாருக்கும் படிச்சுக் காட்டினான். பதினாலாவதுக்கு வரும்போது யாரும் கேக்கற நிலைல இல்ல. எந்த மெஷின்ல உடையுதுன்னு காட்டு, அப்ப பேசலாம்னு சொல்லிட்டு புரொபசரே கையெழுத்துப் போட்டு அனுப்பிட்டாரு.

எங்க வீட்டைப் பத்தி உங்களுக்குத் தெரியாது. சாப்பிட்டு முடிச்சதும் ஏதாவது ஒரு தர்க்கம் நடக்கும். தோக்கறவங்க எல்லார் தட்டையும் கழுவணும், அது அப்பா போட்ட சட்டம். பத்து வயசுக்கு மேல நான் தட்டு கழுவினதே இல்ல. அண்ணனும் அப்பாவும்தான் தோப்பாங்க. கழுவறது யாருன்னா, அம்மா. அவங்க வாதமே பண்ண மாட்டாங்க. நீங்க பேசி முடிக்கறதுக்குள்ள காஞ்சு ஒட்டிக்கும்னு எடுத்துட்டுப் போயிருவாங்க.

எதுக்கு இதைச் சொல்ல வந்தேன்? விடுங்க.

வாங்க, ஒரு தடவை ஒத்திகை பாத்துரலாம். நான்தான் பதிவாளர் அம்மா. கண்ணாடியை மூக்கு நுனிக்கு இறக்கிட்டு, தலையைத் தூக்காம கேப்பாங்க. ஸ்கிரீன்ல நம்பர் அசையாம நின்னது உங்களுக்கு வித்தியாசமாத் தெரியலையா? தெரிஞ்சுதா. சரி. அப்ப யார்கிட்டயாவது சொன்னீங்களா? யார்கிட்ட சொன்னீங்க, என்னிக்குச் சொன்னீங்க?

சொன்னீங்களா?

என்கிட்டயா.

ஆமா. சொன்னீங்க. உங்க பொண்ணுக்கு அன்னிக்கு முதல் பரீட்சை, போன் வருமோன்னு அதையே பாத்துட்டு இருந்தீங்க. எனக்கு ஸ்டூலை இழுத்துப் போட்டீங்க. நாலாம் நம்பர் என்னமோ அசையவே மாட்டேங்குது பாப்பா, கொஞ்சம் பாருங்களேன்னு சொன்னீங்க. நான் மெஷினுக்குள்ள குடைஞ்சிட்டு இருந்தேன். பாத்துக்கறேன்க்கான்னு சொன்னேன். தலையைத் தூக்கினேனான்னு ஞாபகம் இல்ல.

நாலாம் தேதிதான். வியாழக்கிழமை. நீங்க சரியாத்தான் எண்ணறீங்க, ஃப்ரீஸர் நிக்கறதுக்கு ஒம்போது நாள் முன்னாடி.

சாட்சி தேடித்தான் அன்னிக்கு வந்தேன். உங்க மெஷின்ல பூஜ்யம், ரெண்டு, நாலு, ஆறுன்னு பாத்ததும் எனக்கு வந்த சந்தோஷம் இருக்கே. நீங்க சொன்னது அந்த சந்தோஷத்துக்கு மேல இன்னொரு சாட்சி மாதிரிதான் என் காதுல விழுந்துச்சு. அன்னிக்கு சாயங்காலம் காபி குடிக்கறதுக்குள்ள திருத்தி எழுதிட்டேன். ஏழு வரிக்கா. பட்டியல்ல நம்பரைப் போடறதுக்கு முன்னாடி, இந்த லாக்கர்காரரோட பேட்ஜ் என்னன்னு ஒரு தடவை கேட்டுக்கோ. அதான் மொத்தமும். எங்க லேப் மெஷின்லயும் போட்டுப் பாத்தேன், ஓடிச்சு. மேல ஒரு குறிப்பும் எழுதினேன், ஃப்ரீஸர் ரூம் மெஷின்ல ரெண்டு, நாலு, ஆறு மூணும் யாருக்கும் போய்ச் சேராதுன்னு. இதோ, பையில இருக்கு. ரெண்டு காப்பி. ஒண்ணுல தேதி இருக்கு. இன்னொண்ணுல இல்ல, காலைல தேதியை எடுத்துட்டு அச்செடுத்தேன்.

அனுப்பலை.

மறந்தெல்லாம் போகலை. மாசத்துல மூணாவது வியாழக்கிழமை எங்களுக்கு மீட்டிங். எல்லா லேப்லேர்ந்தும் வருவாங்க, நாப்பது பேர் இருப்பாங்க. அவனை முன்னாடி வந்து விளக்கச் சொல்லி, அவன் பேசி முடிச்சதும் எழுந்து, சாட்சி கேட்டீங்களேன்னு இதைத் திரைல போடலாம்னு இருந்தேன். என்ன பேசணும்னு எழுதிக்கூட வெச்சிருந்தேன். பதினெட்டாம் தேதி. நடுவுல ரெண்டே வாரம்தானே, ஃப்ரீஸர் பத்து வருஷமா ஓடுது, இந்த ரெண்டு வாரத்துல என்ன ஆயிரப் போகுதுன்னு நினைச்சேன். இல்ல, அப்படிக்கூட நினைக்கலை. ஃப்ரீஸரைப் பத்தியே நினைக்கலை.

திட்டறதுன்னா திட்டுங்க. நான் பதில் பேச மாட்டேன்.

தேதி இல்லாத காகிதத்தால உங்களுக்கு ஒரு பிரயோஜனமும் இல்ல, அது எனக்குத் தெரியும். நீங்க எழுதினது பொய் இல்லைன்னு நிரூபிக்கறது அந்தத் தேதிதான். உங்க நோட்டுல என்ன இருக்கும்னு ஒம்போது நாள் முன்னாடியே இதுல எழுதியிருக்கு, அதே மூணு ஃப்ரீஸர். ஜோடிச்சதுன்னு யாரும் சொல்ல முடியாது. அதே தேதிதான், அப்ப ஏம்மா நீ அன்னிக்கே குடுக்கலைன்னும் கேக்கும். எதையும் குடுக்காம இருந்தா என்னை யாரும் ஒண்ணும் கேக்கப் போறதில்லை. காலைலேர்ந்து இதைத்தான் உங்ககிட்ட சொல்ல வந்து, இருக்கற கதையெல்லாம் சொல்லிட்டு இருக்கேன்.

கதவு தொறக்குது. அவன்தான். பாருங்க, சிரிச்சிட்டு வர்றான். சரியாப் பேசியிருப்பான் போல. நம்மளைப் பாக்காம போறான். போகட்டும்.

உங்களைத்தான் கூப்பிடறாங்க. இந்தாங்க, இதை எடுத்துட்டுப் போங்க. தேதி இருக்கற காப்பிதான், மேலேயே இருக்கு பாருங்க. ஒண்ணும் பேச வேண்டாம், பதிவாளர் அம்மா முன்னாடி வெச்சா போதும். அவங்களுக்குக் காகிதம்னா போதும்.

ஏன் திருப்பிக் குடுக்கறீங்க?

நானா.

அவங்க என்னைக் கூப்பிடவே இல்லையேக்கா.

சரி. நீங்க உக்காருங்க. தட்டிட்டுப் போகணுமா, அப்படியே உள்ள போயிரலாமா?